தையற்கடை அப்பாவுக்கு, தம்பெரேவிலிருந்து

தம்பெரே, பின்லாந்து
மார்ச் 3

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். நான் இங்கு நலமாக இருக்கிறேன். அம்மாவின் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். சென்ற ஞாயிற்றுக்கிழமை பேசியபோது, இங்குள்ள பிள்ளைகள் காலேஜுக்கு என்ன உடுத்திக்கொண்டு போகிறார்கள் என்று கேட்டீர்கள். கடைக்கு ஆள் வந்துவிட்டதால் பேச்சு பாதியில் நின்றுபோனது. நாற்பது ஆண்டுகளாகத் துணியோடு பழகிய உங்களிடம் இதை அரைகுறையாகச் சொல்ல மனம் வரவில்லை; அதனால் விரிவாக எழுதுகிறேன்.

ஐந்து மாதங்களாக இங்கே உடையைத் தீர்மானிப்பது குளிர்தான். ஜனவரியில் ஒரு காலை வெளியே மைனஸ் 24 டிகிரி இருந்தது. வகுப்பறைக்குள் 21 டிகிரி. இந்த இரண்டுக்கும் பொருந்தும் ஒரே உடை கிடையாது என்பதால், எல்லோரும் அடுக்கடுக்காக உடுத்துகிறார்கள். உடம்பை ஒட்டி மெல்லிய கம்பளிப் பனியன், அதன் மேல் சட்டையோ ஸ்வெட்டரோ, எல்லாவற்றுக்கும் வெளியே காற்றுப் புகாத தடித்த கோட்டு. நம் ஊர் வெயிலுக்கு அமிர்தமான பருத்தி, இங்கே உள்ளாடைக்கு ஆகாது. அது வியர்வையைக் குடித்து ஈரமாகவே இருக்கும், அந்த ஈரம் வெளியே வந்ததும் உடம்பைச் சில்லிட வைத்துவிடும். நீங்கள் திருப்பூரில் பார்த்துப் பார்த்து வாங்கித் தந்த பருத்திப் பனியன்களை இப்போது அறைக்குள் அணிகிறேன், கவலைப்பட வேண்டாம்.

விரிவுரை அரங்குகளுக்கு வெளியே நீளமான கொக்கி வரிசைகள் இருக்கின்றன. உள்ளே போவதற்கு முன் எல்லோரும் கோட்டுகளை அங்கே மாட்டிவிட்டுப் போகிறார்கள். காவலுக்கு ஆள் இல்லை, எதுவும் தொலைந்ததாக நான் கேள்விப்படவும் இல்லை. அந்தக் கோட்டுகளின் பையிலிருந்து ஒரு சிறிய பிளாஸ்டிக் வில்லை நூலில் தொங்கிக்கொண்டிருக்கும். வண்டியின் விளக்கு பட்டால் பளிச்சென்று திருப்பி ஒளிரும். டிசம்பரில் பகல் ஐந்தரை மணி நேரம்கூட இல்லாத ஊர் என்பதால், இருட்டில் நடப்பவர்கள் இதை அணிய வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. உடையைப் பற்றி நான் இங்கே கண்ட கட்டாயம் இது ஒன்றுதான். அதுவும் உயிரைக் காப்பதற்காக.

பல்கலைக்கழக வாசலில் யாரும் நிற்பதில்லை. கழுத்தில் அடையாள அட்டை தொங்க வேண்டியதில்லை. ஜீன்ஸ், தொப்பி வைத்த பனியன் சட்டை, சாயம் போன ஸ்வெட்டர் என்று வருகிறார்கள். பெரும்பாலும் கறுப்பும் சாம்பலும்தான். பழைய துணிக் கடையில் வாங்கி உடுத்துவதை யாரும் குறைவாக நினைப்பதில்லை, வாங்கியவர்களே பெருமையாகச் சொல்கிறார்கள். பேராசிரியரும் முழங்கையில் ஒட்டுப் போட்ட கம்பளிச் சட்டையோடு வந்து, தம்மைப் பெயர் சொல்லியே அழைக்கச் சொல்கிறார். முதல் வாரம் விரிவுரை நடக்கும்போது ஒரு மாணவி இரண்டு ஊசிகளை வைத்துக்கொண்டு கம்பளிச் சாக்ஸ் பின்னிக்கொண்டே பாடம் கேட்டாள். கேள்வி கேட்டபோது சரியான பதிலையும் சொன்னாள். உங்களுக்குப் பிடிக்கும் என்பதற்காக இன்னொன்றும் சொல்கிறேன். சம அகலத்தில் கோடு போட்ட பருத்திச் சட்டை ஒன்றை மாணவர்களும் ஆசிரியர்களும் குழந்தைகளும் ஒரேபோல அணிவதைப் பார்த்து விசாரித்தேன். மரிமெக்கோ என்ற நிறுவனத்துக்காக அன்னிகா ரிமாலா என்ற பெண்மணி 1968இல் வடிவமைத்ததாம். ஆண், பெண், சிறுவர் எல்லோருக்கும் ஒரே கோடு, ஒரே வெட்டு. இன்றும் விற்கிறது.

இதையெல்லாம் பார்க்கும்போது நம் ஊர்க் கல்லூரியின் வாசல் நினைவுக்கு வராமல் இருக்கவில்லை. இன்டர்னல் தேர்வு நாளன்று, சுடிதாரின் சைடு ஓப்பன் இரண்டு விரல் கூடுதலாக இருக்கிறது என்று சொல்லி என்னை வெளியே நிறுத்தினார்களே, நினைவிருக்கிறதா? வெட்டியதும் தைத்ததும் நீங்கள். அளவில் ஒரு நூல்கூடப் பிசகில்லை என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் நீங்கள் கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஓடிவந்து, அந்த வாசலில் நின்று, உங்கள் கைவேலைக்காக மன்னிப்புக் கேட்டீர்கள். துப்பட்டாவின் இரு தோளிலும் பின் குத்தச் சொன்னது எனக்குப் பெரிதாகப் படவில்லை. மூடி உடுத்துவதில் எனக்கு வருத்தமும் இல்லை. இங்கேயும் அப்படித்தான் உடுத்துகிறேன். பள்ளிச் சீருடையையும் நான் மதிக்கிறேன். இருப்பவர் வீட்டுப் பிள்ளையும் இல்லாதவர் வீட்டுப் பிள்ளையும் ஒரே பெஞ்சில் வேற்றுமை தெரியாமல் உட்கார்ந்தது அதனால்தான். ஆனால் பதினெட்டு வயது கடந்த பிள்ளைகளைத் தினமும் வாசலில் நிறுத்திக் கண்ணால் அளவெடுப்பதும், அதற்கு ஒரு தகப்பன் தலை குனிய வேண்டியிருந்ததும் தவறு, அப்பா. அன்று சொல்ல முடியாததை இன்று எழுதுகிறேன்.

விதியே இல்லாத இந்த இடத்திலும் மாணவர்கள் தாங்களாகவே ஒரு சீருடையை வைத்திருக்கிறார்கள் என்பதைத்தான் உங்களுக்கு முக்கியமாகச் சொல்ல வேண்டும். அதன் பெயர் ஹாலரி. ஒர்க் ஷாப்பில் வேலை செய்பவர்கள் போடுவதுபோல, மேலும் கீழும் ஒரே துணியாக, முன்பக்கம் ஜிப் வைத்துத் தைத்த முழு உடுப்பு. ஸ்வீடன் நாட்டு மாணவர்களிடமிருந்து இங்கே வந்த வழக்கம் என்கிறார்கள். ஒவ்வொரு துறையின் மாணவர் சங்கத்துக்கும் ஒரு நிறம். தூரத்தில் வருபவர் எந்தத் துறை என்று நிறத்தை வைத்தே சொல்லிவிடலாம். எனக்குக் கிடைத்தது சிவப்பு. முதுகிலும் காலிலும் நிறுவனங்களின் விளம்பரம் அச்சடித்திருக்கிறது. அந்தப் பணத்தில்தான் மாணவர்களுக்கு மலிவாகக் கிடைக்கிறது. இதை வகுப்புக்கு அணிவதில்லை. சங்க விழாக்களுக்கும் பாட்டுப் பாடி உண்ணும் விருந்துகளுக்கும் அணிகிறார்கள். அப்போதும் மேல்பாதியைக் கழற்றி இறக்கி, இரண்டு கைகளையும் இடுப்பைச் சுற்றி முடிச்சுப் போட்டுக்கொள்வதே வழக்கம்.

அந்த உடுப்பின் அழகு அதில் தைத்திருக்கும் ஒட்டுகளில் இருக்கிறது. ஒவ்வொரு விழாவுக்கும், ஒவ்வொரு சங்கத்துக்கும், ஒவ்வொரு வேடிக்கைக்கும் உள்ளங்கையளவில் நெய்த ஒரு சின்னம் உண்டு. அதை வாங்கியோ மாற்றிக்கொண்டோ தன் கையாலேயே தைத்துக்கொள்ள வேண்டும். பசை தடவி ஒட்டினால் மற்றவர்கள் மதிப்பதில்லை. நான்காம் ஆண்டு மாணவர்களின் காலில் துணியே தெரியாத அளவுக்குச் சின்னங்கள் நிறைந்திருக்கின்றன. நெருங்கிய நண்பர்கள் தங்கள் கைப்பகுதியை வெட்டி, ஒருவர் கையை மற்றவர் உடுப்பில் இணைத்துத் தைத்துக்கொள்கிறார்கள். காதலர்கள் கால் பகுதியை மாற்றிக்கொள்கிறார்கள். சிவப்பு உடுப்பில் ஒரு கால் மட்டும் மஞ்சளாக இருந்தால் அதன் பொருள் எல்லோருக்கும் தெரியும். துவைப்பதற்கும் ஒரு வழக்கம் உண்டு: உடுப்பைக் கழற்றித் துவைக்கக் கூடாது, உடுத்தியபடியே தண்ணீரில் இறங்கினால்தான் துவைத்ததாகக் கணக்கு.

முதல் முறை எல்லோரும் தைக்க உட்கார்ந்தபோது என் அருகில் இருந்தவன் கையில் நூல்கண்டு இல்லை. பல் இடுக்கைச் சுத்தம் செய்யும் நூல் டப்பா இருந்தது. அந்தத் தடித்த துணியில் சாதாரண நூல் அறுந்துவிடும், பல் நூல் அறாது என்று இங்கே பல மாணவர்கள் அதையே பயன்படுத்துகிறார்கள். ஆனால் அவன் போட்டது எல்லாம் நீண்ட ஓட்டுத் தையல். ஒரு முனை இழுபட்டால் முழுவதும் வந்துவிடும். நீங்கள் எனக்கு எட்டாம் வகுப்பு விடுமுறையில் கற்றுத்தந்த பின்தையலை, ஊசியை அரை விரல் பின்னே குத்தி ஒரு விரல் முன்னே எடுக்கும் முறையை, அவனுக்குக் காட்டினேன். மெழுகுபோல் வழுக்கும் அந்த நூல் முதலில் பிடிபடவில்லை. முடிச்சை இரண்டு சுற்றுப் போட்டதும் நின்றது. அன்று இரவு பத்து மணிக்குள் எட்டுப் பேர் அந்தத் தையலைப் பழகிவிட்டார்கள். யாரிடம் கற்றாய் என்று கேட்டார்கள். என் அப்பா தையற்காரர் என்றேன். ஒரு பெண் கையிலிருந்த ஊசியைக் கீழே வைத்துவிட்டு, உண்மையாகவா என்று வியந்து கேட்டாள்.

சங்கத்தின் ஆண்டு விழா மட்டும் முற்றிலும் வேறு. அன்று ஆண்கள் வால் வைத்த கறுப்புக் கோட்டும் பெண்கள் தரை தொடும் கவுனும் அணிய வேண்டும். தேசிய உடையானால் அதுவும் முழு மரியாதைக்குரியது என்று அழைப்பிதழிலேயே போட்டிருந்தது. நான் அம்மாவின் சிறுமுகைப் பட்டைக் கட்டிக்கொண்டு போனேன். இதை அம்மாவிடம் படித்துக் காட்டுங்கள்.

இந்த ஊரை உங்களுக்கு இன்னும் நெருக்கமாக்கும் செய்தி ஒன்றும் இருக்கிறது. கோவையைப் போலவே தம்பெரேவும் பஞ்சாலை ஊர். பின்லாந்தின் மான்செஸ்டர் என்பது இதன் பட்டப்பெயர். 1820இல் ஃபின்லேசன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் இங்கே தொடங்கிய ஆலை, நகரின் நடுவே ஓடும் தம்மர்கோஸ்கி என்ற வேகமான ஆற்றின் சக்தியில் பின்னர் பெரும் பருத்தி ஆலையாக வளர்ந்தது. இன்று அந்தச் செங்கல் கட்டடங்களில் உணவகங்களும் அலுவலகங்களும் இருக்கின்றன. அதன் வழியே நடக்கும்போதெல்லாம் பீளமேட்டு மில்லில் ஷிப்டு முடிந்து பஞ்சுத்தூசி படிந்த தலையோடு வரும் தாத்தா, நம் அப்பாரு, நினைவுக்கு வருகிறார்.

அதே ஆற்றில்தான் மே 1 அன்று, வாப்பு என்னும் திருநாளில், பொறியியல் படிக்க வந்த புதிய மாணவர்களைக் கூண்டில் ஏற்றி, கிரேன் கொண்டு தூக்கி, பனி உருகிய தண்ணீரில் முக்கி எடுப்பார்கள். அதற்குப் பிறகுதான் குஞ்சம் தொங்கும் வெள்ளைத் தொப்பியை அணியும் உரிமை கிடைக்கும். நானும் பெயர் கொடுத்திருக்கிறேன். அம்மா பயப்படுவார், ஆற்றோரம் உதவிக்கு ஆட்கள் நிற்பார்கள் என்று சொல்லுங்கள்.

அந்த நாளுக்காக உங்களிடம் ஒரு வேலை கேட்கிறேன். என் உடுப்பில் இடது நெஞ்சுப் பக்கம் ஓர் இடத்தைக் காலியாக வைத்திருக்கிறேன். குறுக்களவு 7 சென்டிமீட்டர் இருக்கும்படி வட்டமாக ஒரு சின்னம் தைத்து அனுப்ப முடியுமா? நடுவில் ‘கோவை’ என்று தமிழில் எம்ப்ராய்டரி போட்டு, ஓரத்தைப் பிசிறு வராமல் நெருக்கமாகச் சுற்றித் தைத்துவிடுங்கள். பின்னால் காலருக்கு வைக்கும் கேன்வாஸ் ஒரு மடிப்புப் போதும். இரண்டு வைத்தால் என் ஊசி இறங்காது. சிவப்புத் துணியில் எடுப்பாகத் தெரிய மஞ்சள் நூல் நல்லது. மூன்றாகத் தைத்தால், பின்தையல் பழகிய இருவர் தங்கள் சின்னங்களைத் தந்து மாற்றிக்கொள்ளக் காத்திருக்கிறார்கள். தபால் வந்து சேர மூன்று வாரம் ஆகிறது. ஏப்ரல் முதல் வாரத்துக்குள் அனுப்பிவிடுங்கள்.

என்றும் அன்புள்ள,
உங்கள் மகள்