வாய்க்கரிசி

புக்கிட் மெர்தாஜாம்,
ஞாயிறு இரவு

அன்புள்ள மச்சான்,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்துவிட்டேன். அக்கா காரியத்துக்கு வர முடியாமல் போனது இன்னும் உறுத்துகிறது. முட்டி வீங்கிக் கிடந்தது, வீடு நிறைய திருவிழா விருந்தாளிகள் வேறு. காரணம் சொல்லலாம், ஆனால் பள்ளி விட்டு வந்த நமக்குக் கணக்குப் பார்க்காமல் தோசை ஊற்றிப் போட்டவர் அவர்.

நீ கேட்டதற்கு வருகிறேன். கிறிஸ்தவனாக மாறிவிட்ட அக்கா மகன் பந்தலுக்கு வெளியே, கார் ஓரமாக நின்றான், வாய்க்கரிசி போட மறுத்துவிட்டான், அவனுடைய சபை ஆட்கள் இரண்டு பேர் கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றார்கள் என்று எழுதியிருக்கிறாய். 'பெற்றவளுக்கு ஒரு பிடி அரிசி போட விடாத சாமி என்ன சாமி?' என்றும் கேட்டிருக்கிறாய். இதை என் மனைவியிடம் வாசித்துக் காட்டினேன். ஒன்றும் சொல்லாமல் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அவன் மனசு எனக்குக் கொஞ்சம் புரிகிறது. அந்த அரிசி அவனுக்கு வழிபாடு, உனக்கு அது தாய்க்குக் கொடுக்கிற கடைசிக் கவளம். அரிசி போடவில்லை என்றால்கூட நீ மன்னித்திருப்பாய். பாடையில் ஒரு பக்கம் தோள் கொடுத்திருக்கலாம். ராத்திரி நாற்காலி அடுக்கியிருக்கலாம், அம்மா காலடியில் உட்கார்ந்து அழுதிருக்கலாம். இதையெல்லாம் எந்த வேதம் தடுத்தது? உங்கள் சனம் பார்த்தது அந்தக் கார் ஓரத்தைத்தான். சரி, அவனாவது அங்கே நின்றான். நான் வரவே இல்லை.

கிறிஸ்தவனானால் சொந்த சனத்தை விட்டுப் போய்விடுவான் என்று எங்களைப் பற்றிப் பேசுவது புதிதில்லை. 1606இல் மதுரைக்கு வந்த இத்தாலியப் பாதிரியார் ராபர்ட் தெ நொபிலி, அதுதான் தத்துவ போதகர், அங்கே கண்டதும் இதுதான். அதுவரை ஞானஸ்நானத்துக்கு வந்தவனிடம் 'பரங்கிக் குலத்தில் சேரச் சம்மதமா?' என்று கேட்டிருக்கிறார்கள்! பரங்கி என்றால் வெள்ளைக்காரன், ஊராருக்கு மாட்டுக்கறியும் சாராயமும். யார் சேருவான்? அவர் காவி கட்டி, சந்தனம் பூசி, மரக்கறி சாப்பிட்டுத் தமிழ் படித்தார். புகார் ரோம் வரை போய், 1623இல் போப்பாண்டவர் 15ஆம் கிரகோரி பூணூலும் சந்தனமும் இருக்கலாம் என்றார். மேல்சாதிக்காரர்களைப் பிடிக்கத் தாழ்ந்தவர்களை விட்டு அவர் விலகி நின்றதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை.

இன்னொன்று. 'உங்க ஆளுங்க ஏன் எங்க வீட்டுக் கதவையே தட்டுறாங்க?' என்று நீ அடிக்கடி கேட்பாய். நம் மலேசிய அரசியலமைப்பின் 11(4) பிரிவு முஸ்லிம்களிடையே மற்ற மதங்கள் பிரச்சாரம் செய்வதைச் சட்டம் போட்டுத் தடுக்க இடம் கொடுக்கிறது. அந்தப் பக்கம் போக முடியாதவன் இந்தப் பக்கம்தானே வருவான்? 2020 கணக்கெடுப்பில் கிறிஸ்தவர்கள் 9.1 விழுக்காடு, இந்துக்கள் 6.1 விழுக்காடு. எங்களில் பெரும்பாலோர் சபா, சரவாக் மாநிலங்களில் இருக்கிறார்கள் என்பது வேறு விஷயம். கோலாலம்பூர் செந்தூலில் ஒரு வீட்டுப் பிள்ளை மாறினால் அந்தத் தெருவுக்கே வலிக்கிறது. எங்கள் ஆட்களுக்கு அது விளங்குவதில்லை.

எனக்கும் ஒரு காலத்தில் விளங்கவில்லை. ஒரு தடவை ஜெபக்குழுவோடு ஆஸ்பத்திரிக்குப் போனேன். பக்கத்துக் கட்டிலில் திருநீறு பூசிய ஒரு பெரியவர். கேட்காமலே அவர் தலையில் கை வைத்து உரக்க ஜெபித்தோம். அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டார். உருகிவிட்டார் என்று நினைத்தேன். கிளம்பும்போது திரும்பிப் பார்த்தால், நெற்றியில் கலைந்துபோன திருநீற்றை விரலால் தடவிச் சரிசெய்துகொண்டிருந்தார். அப்புறம் அந்தக் குழுவோடு நான் போகவில்லை.

பைபிளில் பேதுரு எழுதியதில், விசாரித்துக் கேட்கிறவர்களுக்கு, அதுவும் சாந்தத்தோடு, பதில் சொல்லத்தான் சொல்லியிருக்கிறது. நாங்கள் கேட்பதற்கு முன்னாலேயே ஆரம்பித்துவிடுகிறோம்.

எங்கள் ஊர் அன்னம்மாள் தேவாலயத்துக்கு வந்து பார். ஜூலை 26 திருவிழாவுக்கு மல்லிகைப்பூ வைத்த பெண்களும் சீனக் கிழவிகளும் மெழுகுவர்த்தியோடு நிற்கிறார்கள். யாரும் அவர்களிடம் மதம் கேட்பதில்லை. எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கிற அம்மா வருஷா வருஷம் வருவார், போகும்போது எங்களுக்கு வடை கொடுத்துவிட்டுப் போவார். ஆனால் மாரியம்மன் கோயில் கூழுக்கு அவர் கூப்பிட்டால் எங்கள் தெரு வேதக்காரர்களில் பாதிப் பேருக்கு அன்றைக்கென்று வேலை வந்துவிடும்.

அக்கா மகனை இப்போதைக்கு விட்டுவிடு. திட்டாதே. அவன் நம்பரை மட்டும் அனுப்பு. அடுத்த மாதம் ஈடிஎஸ் ரயிலில் கோலாலம்பூர் வருகிறேன். அவனையும் கூட்டிக்கொண்டு பிரிக்ஃபீல்ட்ஸில் பசியாறலாம். அக்கா படத்துக்கு மாலை வாங்கி வருவேன், நான் போடும்போது நீ ஒன்றும் சொல்லக்கூடாது. உனக்கு ஜாதிக்காய் ஊறல் வேண்டுமா? இனிப்பா, புளிப்பா என்று எழுது.

உன்,
கடைசி பெஞ்சு வேதக்காரன்