கழலாத ஸ்க்ரூவுக்கு எந்த இம்பேக்ட் டிரைவர்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தீபாவளி நெருங்கினால் வீட்டைப் புதுப்பிக்கக் குறிப்புகள் போடுகிறீர்கள், பெயின்ட் வருகிறது, திரைச்சீலை வருகிறது, ஆனால் வருஷக்கணக்கில் துருவேறிக் கிடக்கும் கேட் கீல் ஸ்க்ரூவையும் மோட்டார் சைக்கிள் கவர் ஸ்க்ரூவையும் எப்படிக் கழற்றுவது என்று ஒரு வரி வந்து நான் பார்த்ததில்லை. பினாங்குக்காரர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை. பிறையிலிருந்து பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளுக்குத் தினமும் மோட்டாரில் போகிறவர்கள் பினாங்கு பாலத்தில் கடலுக்கு மேல் மட்டும் 8.4 கிலோமீட்டர் உப்புக்காற்றில் ஓட்டுகிறார்கள். இன்ஜின் கவர் அலுமினியம், அதில் இருக்கும் ஸ்க்ரூ இரும்பு. இடையில் உப்பு ஈரம் புகுந்துவிட்டால் அலுமினியம்தான் முதலில் அரிக்கும், வெள்ளை வெள்ளையாகப் பூத்து மரைக்குள் அடைத்துக்கொள்ளும். அப்புறம் சாதாரண திருப்புளியை வைத்து எவ்வளவு பலமாகத் திருகினாலும் ஸ்க்ரூ அசையாது, அதன் மண்டைதான் மொழுக்கையாகும்.

இதற்கென்றே சுத்தியலால் அடித்துத் திருப்பும் இம்பேக்ட் டிரைவர் என்று ஒரு சாமான் இருக்கிறது. கையளவு கனமான இரும்பு உருளை, உள்ளே சாய்வாக வெட்டிய ஒரு பள்ளமும் ஸ்பிரிங்கும், அவ்வளவுதான். தலையில் அடித்தால் அந்த அடி இரண்டு வேலை செய்கிறது: முனையில் மாட்டிய பிட்டை, அதாவது ஸ்க்ரூ பள்ளத்தில் உட்காரும் துண்டை, ஸ்க்ரூவுக்குள் அழுத்துகிறது, அதே நொடியில் சில டிகிரி திருப்புகிறது. பிளஸ் ஸ்க்ரூவின் பள்ளம் உள்ளே போகப் போகக் குறுகும், அதனால் திருகத் திருக பிட் மேலே எழும்பி வழுக்கத்தான் பார்க்கும். அந்த எழும்பலை அடியின் பாரம் அடக்கிவிடுகிறது, அதிர்ச்சியில் துருவும் விரிசல் விடுகிறது.

கடையில் போய் வெறுமனே இம்பேக்ட் டிரைவர் என்று கேட்டால் இப்போதெல்லாம் பேட்டரி மெஷினை எடுத்து வைக்கிறார்கள். நல்ல மெஷின்தான், நீள மர ஸ்க்ரூ அடிக்க, போல்ட் கழற்ற அதை மிஞ்ச ஒன்றும் கிடையாது. ஆனால் அது பக்கவாட்டில்தான் அடிக்கிறது, கீழே அழுத்துவது உங்கள் கை. மண்டை பாதி போன ஸ்க்ரூவில் அதை வைத்தால் மீதிப் பாதியையும் ஒரே நொடியில் அரைத்துக் கொடுத்துவிடும். விலையும் பல மடங்கு. சுத்தியலால் அடிப்பது வேண்டும் என்று தெளிவாகச் சொல்லிக் கேளுங்கள்.

சரி, எதை வாங்குவது? என் அபிப்பிராயத்தில் உருளைக்குக் காசு கொட்ட வேண்டாம், பிட்டுக்குக் கொட்டுங்கள். பெட்டியோடு வரும் மலிவு பிட்டுகள் ஒன்று மிருதுவாக இருந்து முறுக்கிக்கொள்ளும், இல்லை கடினமாக இருந்து முனை தெறிக்கும். உருளையில் பார்க்க வேண்டியது கொஞ்சம்தான். முனை அரை அங்குலச் சதுரமாக இருந்தால் நல்லது, பிற்பாடு போல்ட் தலையைக் கவ்வும், அடி தாங்கும் இம்பேக்ட் சாக்கெட்டும் மாட்டலாம் (சாதாரண பளபளா சாக்கெட்டை மாட்டி அடிக்காதீர்கள், பிளந்துகொள்ளும்). அந்தச் சதுரத்தில் மாட்டும் பிடிக்குள் நுழையும் பிட்டின் அடி பெரும்பாலும் 8 மில்லிமீட்டர் அறுகோணம், அதாவது 5/16 அங்குலம். வீட்டில் டிரில்லுக்கு வைத்திருக்கும் கால் அங்குல பிட் அதில் லொடலொடவென்று ஆடும், அடாப்டர் போட்டு ஒட்டப்பார்ப்பதும் வீண். கடையிலேயே ஒரு கட்டைமேல் நிறுத்தி உருளையைக் கையால் அழுத்திப் பாருங்கள், முனை எந்தப் பக்கம் திரும்புகிறது என்று தெரியும். கழற்றும் பக்கம், இறுக்கும் பக்கம் இரண்டுக்கும் மாற்றிப் பார்த்து வாங்குங்கள். இறுக்கும் பக்கம் இருப்பதைக் கவனிக்காமல் கழலாத ஸ்க்ரூவை இன்னும் இறுக்கிவிட்டுப் பட்டறைக்கு வருகிறவர்கள் நிறையப் பேர்.

முக்கியமான சங்கதி இனிமேல்தான். ஹோண்டா, யமஹா, சுசுகி என்று நாம் ஓட்டும் மோட்டார்களில் இருக்கும் பிளஸ் ஸ்க்ரூ, பார்ப்பதற்குப் பிலிப்ஸ் என்ற வழக்கமான பிளஸ் வகை மாதிரி இருந்தாலும் ஜப்பானியத் தரமான ஜேஐஎஸ் அளவில் வெட்டியது. பல ஸ்க்ரூக்களின் மண்டையில் ஒரு சின்னப் புள்ளி குத்தியிருக்கும், அதுதான் அடையாளம். பிலிப்ஸ் பிட்டை அதில் வைத்தால் நுனி அடியில் முட்டிக்கொண்டு நிற்கும், பக்கங்கள் சரியாகப் பிடிக்காது, அப்புறம் என்ன அடித்தாலும் வழுக்கல்தான். ஜேஐஎஸ் பிட் ஆடாமல் உட்காரும், பிலிப்ஸ் ஸ்க்ரூவிலும் ஓரளவு நன்றாகவே வேலை செய்யும், ஆகவே ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் ஜேஐஎஸ் வாங்குங்கள். பிட் அளவில் 2ஆம் நம்பரும் 3ஆம் நம்பரும் இருந்தால் மோட்டார், கார் வேலை பெரும்பாலும் முடிந்துவிடும். ஹோண்டா கார்களின் பிரேக் டிஸ்க்கைப் பிடித்திருக்கும் இரண்டு தட்டை ஸ்க்ரூவுக்கு 3ஆம் நம்பர்தான், அதில் 2ஆம் நம்பரை வைத்து மண்டையைக் கெடுத்துவிட்டு, டிரில் போட்டதற்குத் தனியாகக் கூலி வாங்கும் பட்டறை ஃபோர்மேன்களும் இருக்கிறார்கள். வீல் நட்டு இறுகிய பிறகு அந்த ஸ்க்ரூவுக்குப் பெரிய வேலை ஒன்றும் இல்லை. திரும்பப் போடும்போது மரை இறுகிப்போகாமல் காக்கும் ஆன்டி சீஸ் பசையை மரையில் கொஞ்சம் தடவி அளவோடு இறுக்கினால் போதும்.

அடிக்கிற விதமும் இருக்கிறது. முதல் நாள் இரவே துரு இளக்கும் எண்ணெய் விட்டுவையுங்கள். பள்ளத்தில் உள்ள மண்ணையும் பெயின்டையும் ஊசியால் சுரண்டி எடுங்கள், ஜார்ஜ்டவுன் பழைய கடைவீட்டு ஜன்னல் கீல்களில் பெயின்ட் மேல் பெயின்ட் அடித்துப் பள்ளமே தெரியாது. பிட்டை நேராக நிறுத்தி, உருளையைக் கழற்றும் பக்கம் கையால் முறுக்கிப் பிடித்துக்கொண்டு, ஒரு கிலோ அளவு உருண்டைத்தலைச் சுத்தியலால் ஒரே அடியாக அடியுங்கள். ஆணிச் சுத்தியலால் டக் டக் என்று தட்டினால் காது வலிக்குமே தவிர ஸ்க்ரூ நகராது. கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் அடிக்காதீர்கள். கொஞ்சம் அசைந்ததும் நிறுத்திவிட்டுச் சாதாரண திருப்புளிக்கு மாறிவிடலாம்.

எல்லா இடத்திலும் அடிக்கவும் கூடாது. ஹேண்டிலில் இருக்கும் பிரேக் எண்ணெய் டப்பாவின் மூடி ஸ்க்ரூ, கார்புரேட்டர், பிளாஸ்டிக்கின்மேல் உள்ளவை இதெல்லாம் பெரிய அடிக்கு உடைந்துபோகும். அதற்கு வெஸ்ஸல் என்ற ஜப்பான் கம்பெனியின் மெகாடோரா இம்பேக்டா மாதிரி திருப்புளி வடிவத்திலேயே வருவது உண்டு, பின்புறம் தட்டினால் கழற்றும் பக்கம் மட்டும் 12 டிகிரி திரும்பும், லேசாகத் தட்டினாலே போதும். மரையில் பசை போட்டு ஒட்டிய ஸ்க்ரூ என்றால் எதுவானாலும் முதலில் சூடு காட்ட வேண்டும்.

உங்கள் வழியாக நம்மவர் ஹார்ட்வேர் கடைகளுக்கு ஒரு வேண்டுகோள். முழு செட் அடுக்கி வைத்திருக்கிறீர்கள், ஆனால் 8 மில்லிமீட்டர் ஜேஐஎஸ் பிட் ஒன்று மட்டும் கொடுங்கள் என்றால் கையை விரிக்கிறீர்கள். லோரோங் கூலிட் பழைய சாமான் சந்தையில் கிடைக்கலாம் என்று எங்களை அனுப்புகிறீர்கள், அங்கே அதிர்ஷ்டம் இருந்தால் பழைய ஜப்பான் உருளை அகப்படும், பிட் தேய்ந்துதான் இருக்கும். 2ஆம் நம்பரும் 3ஆம் நம்பரும் தனித்தனியாக, கல்லாப் பக்கத்தில் ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள். விற்றுப்போகும்.

இப்படிக்கு,
ஜெலுத்தோங் வாசகர்,
பினாங்கு