பாபுவுக்கு, வரிசை விஷயமாக

அன்புள்ள பாபு,

உன் குரல் பதிவை மூன்று தடவை கேட்டேன். பின்னால் தறி ஓடுகிற சத்தத்தில் பாதி புரியவில்லை, மீதிக்குப் பதில் எழுதுகிறேன். முதலில், உங்கள் ஊர் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்கு வர முடியாமல் போனதற்குக் கோபித்துக்கொள்ளாதே. சுமதிக்கு முழங்கால் வலி, அதோடு அன்றைக்கு அடித்த வெயிலில் இங்கே வேலூரில் சத்துவாச்சாரியிலிருந்து கிரீன் சர்க்கிள் போய் வருவதற்கே உயிர் போய்விட்டது. கத்திரி முடிந்துவிட்டது என்கிறார்கள், இராத்திரி பத்து மணிக்கும் மொட்டை மாடியில் வெறுங்கால் வைக்க முடியவில்லை.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். வியட்நாமில் ஹோசிமின் போய் இறங்கியதும் இமிகிரேஷன் வரிசையில் நிற்காமல் போகிற ஃபாஸ்ட் ட்ராக்குக்கு ஒருவருக்கு 2,500 ரூபாய், நான்கு பேருக்கு 10,000, கட்டலாமா என்கிறாய். போன வருஷம் நான் கட்டினேன்டா. ஏஜென்ட் சொன்னதும் யோசிக்காமல் ஜிபே செய்துவிட்டேன்.

விமானத்தை விட்டு வெளியே வந்தால் ஒரு பெண் என் பெயரைத் தப்புத் தப்பாக எழுதிய அட்டையோடு நின்றாள். அவள் பின்னாலேயே வேகவேகமாக நடந்தோம். ஹால் நிறைய ஜனம், பாம்பு மாதிரி வளைந்து வளைந்து வரிசை. எங்கள் விமானத்தில் வந்த ஒரு தமிழ்க் குடும்பம் அந்த வரிசையின் வாலில் போய் நின்றது, அந்த ஆள் தோளில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. நான் அவர் முகத்தைப் பார்க்காமல் ஓரமாக இருந்த கவுன்ட்டருக்குப் போனேன். பத்து நிமிஷத்தில் முத்திரை விழுந்துவிட்டது. பெருமையாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன்.

அப்புறம் பெட்டி வருகிற பெல்ட்டுக்குப் போனோம். யாருடையதோ ஒரு நீலப் பெட்டி மட்டும் சுற்றிச் சுற்றி வருகிறது, எங்கள் பெட்டியைக் காணோம். சுமதி பிளாஸ்கில் இருந்த வெந்நீரைக் குடித்து முடித்தாள், நான் வாட்சை அங்கத்து நேரத்துக்கு ஒன்றரை மணி தள்ளி வைத்தேன், பிறகும் வரவில்லை. முக்கால் மணி நேரம் கழித்துத் திரும்பிப் பார்த்தால் அந்தக் குழந்தைக்காரர் பக்கத்தில் நிற்கிறார்! அவர் பெட்டிதான் முதலில் வந்தது. "வரேன் சார்" என்று எனக்குச் சொல்லிவிட்டு வேறு போனார். திருப்பதியில் 300 ரூபாய் டிக்கெட் எடுத்து உள்ளே போனாலும் கடைசியில் தர்ம தரிசனக்காரர்களோடு ஒன்றாகத்தானே நெரிபடுகிறோம், அந்தக் கதைதான்.

அதனால் உனக்கு வேண்டாம் என்றுதான் சொல்வேன். ஆனால் அம்மாவால் அவ்வளவு நேரம் நிற்க முடியாது, அதற்கு என்ன செய்வது என்பாய். டிக்கெட் போட்ட விமான நிறுவனத்திடம் இரண்டு நாள் முன்னாலேயே சக்கர நாற்காலி வேண்டும் என்று சொல்லிவிடு. பெரும்பாலான நிறுவனங்களில் இதற்குக் காசு கிடையாது, தள்ளிக்கொண்டு போகிறவரே பெரும்பாலும் தனி வழியாகக் கூட்டிப்போய்விடுவார். தங்கச்சியை அம்மாவோடு அனுப்பு, நீயும் உன் பையனும் வரிசையில் நில்லுங்கள். "நான் என்ன நொண்டியா" என்று அம்மா சண்டை போடுவாள், அதை நீதான் சமாளிக்கணும்.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் காசு கட்டு. இறங்கின அன்றைக்கே, தனி டிக்கெட்டில், இரண்டு மணி நேரத்துக்குள் அங்கிருந்து டா நாங் ஊருக்கு விமானம் பிடிக்கிற மாதிரி உன் பையன் போட்டிருந்தால் யோசிக்காதே. அந்த விமானம் போய்விட்டால் பத்தாயிரத்தோடு நிற்காது. உன் பதிவில் அதைப் பற்றி ஒன்றுமே இல்லை, முதலில் அவனைக் கேள்.

நம் ஊர் விமான நிலையத்து இமிகிரேஷன் வரிசைக்கு நம் அரசாங்கமே ஒரு வழி வைத்திருக்கிறது, இலவசம். டிரஸ்டட் டிராவலர் என்று பெயர், 2024 ஜூனில் டெல்லியில் ஆரம்பித்து 2025 ஜனவரியில் சென்னைக்கும் பெங்களூருக்கும் வந்துவிட்டது. ஆன்லைனில் விண்ணப்பித்து, ஒப்புதல் வந்ததும் கைரேகையும் முகமும் ஒருமுறை பதிந்துவிட்டால் ஐந்து வருஷத்துக்கு, அல்லது பாஸ்போர்ட் காலாவதியாகும் வரை, இ-கேட் என்கிற தானியங்கிக் கதவில் நுழைந்து போய்விடலாம். பாஸ்போர்ட்டில் ஆறு மாதமாவது பாக்கி இருக்கணும். இப்போதே போட்டு வை, கிளம்புகிற வாரத்தில் போட்டால் வேலைக்கு ஆகாது.

இன்னொன்று, ஃபாஸ்ட் ட்ராக் வாங்கினால் விசா வேண்டாம் என்று எவனாவது சொன்னால் நம்பாதே. இ-விசா தனி, ஒருமுறை நுழைய அரசாங்கக் கட்டணம் 25 டாலர். என்னிடம் ஒரு ஏஜென்சி அதற்கு இரண்டு மடங்கு கேட்டது. நீயே உட்கார்ந்து போடு, பெயரை மட்டும் பாஸ்போர்ட்டில் இருக்கிறபடி எழுத்து எழுத்தாகப் பார்த்துப் போடு. நமக்கு இனிஷியல்தானே தொல்லை, பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாக இருந்து விசாவில் வெறும் 'கே' என்று இருந்தால் அட்டை பிடித்து நிற்கிற பெண்ணால் ஒன்றும் செய்ய முடியாது.

ஹோசிமினில் நடு ஊரிலேயே மாரியம்மன் கோயில் இருக்கிறது, அந்தக் காலத்தில் நம்மவர்கள் கட்டியது. இப்போது வியட்நாம்காரர்கள்தான் கொத்துக் கொத்தாக ஊதுபத்தி ஏற்றிக் கும்பிடுகிறார்கள். அம்மாவை அங்கே கூட்டிப் போ, சக்கர நாற்காலிக் கோபமெல்லாம் போய்விடும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் குடியாத்தம் வருகிறேன். டிக்கெட்டைப் பிரின்ட் எடுத்து வை, சேர்ந்து பார்ப்போம். ஆம்பூர் பிரியாணி வாங்கி வருவேன் என்று எதிர்பார்க்காதே, அது நான் வருகிற வழியில் இல்லை.

உன்,
குமரேசன்