சமயப் பாடத்தில் சுருக்கம் வேண்டாம், மூல நூலைக் கையில் கொடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

உலக சமயங்களை ஒப்பிட்டுக் கற்பிக்க வேண்டும் என்று உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். சரி, கற்பிக்கத்தான் வேண்டும். எப்படி என்ற இடத்தில்தான் கட்டுரை நழுவிவிட்டது. மதத்துக்கு ஒரு பக்கம், நிறுவியவர் யார், புனித நூல் எது, பண்டிகை எது, கடைசியில் எல்லா மதங்களும் அன்பையே போதிக்கின்றன என்று ஒரு வரி. இதைப் படித்த பிள்ளை கோடிட்ட இடத்தை நிரப்பும், அவ்வளவுதான். ஒன்றும் தெரிந்திருக்காது, தெரிந்துவிட்டது என்ற நினைப்பு மட்டும் மிஞ்சும்; அது தெரியாமல் இருப்பதைவிட மோசம்.

இந்தப் பாடத்தைப் பல வருடங்களாக நடத்தி வருகிறேன். மூல நூலிலிருந்து ஒரு சிறு பகுதி, நல்ல மொழிபெயர்ப்பில், வசன எண்ணோடு மாணவர் கையில் இருக்க வேண்டும், அதைப் படித்துவிட்டு அவர்கள் எழுத வேண்டும். நான் கேட்பது இவ்வளவுதான்.

சகோதரர்களின் பொறாமையால் எகிப்தில் அடிமையாகிப் போன, யாக்கோபின் மகன் யோசேப்பின் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். பைபிளில் ஆதியாகமம் 37ஆம் அதிகாரத்தில் தொடங்கி 50 வரை போகிறது. குர்ஆனில் 12ஆம் அத்தியாயம், 111 வசனங்கள், கிட்டத்தட்ட முழுவதும் அவருடைய கதைதான், அங்கே அவர் பெயர் யூசுஃப். பொதுவாக ஒப்பிடச் சொன்னால் 'இரண்டிலும் ஒரே கதை' என்று எழுதிவிட்டு எழுந்து போய்விடுவார்கள். அவருடைய உடையை மட்டும் பிடித்துக்கொண்டு போய் எழுதச் சொல்லிப் பாருங்கள். ஆதியாகமத்தில் சகோதரர்கள் அங்கியை ஆட்டின் ரத்தத்தில் தோய்த்து அனுப்புகிறார்கள், கொடிய மிருகம் மகனைத் தின்றுவிட்டது என்று யாக்கோபு அப்படியே நம்பிவிடுகிறார். குர்ஆனில் ரத்தக் கறை படிந்த சட்டையைப் பார்த்தும் தந்தை நம்பவில்லை, இது நீங்களாக ஜோடித்தது என்கிறார், இனி அழகிய பொறுமைதான் என்கிறார். அப்புறம் எகிப்து. ஆதியாகமத்தில் எஜமானனின் மனைவி பிடித்து இழுக்க, உடையை அவள் கையிலேயே விட்டுவிட்டு யோசேப்பு ஓடுகிறார். அவர்தான் தன்னிடம் தவறாக நடந்தார் என்று அவள் சொல்லும் பொய்க்கு அந்த உடையே சாட்சியாகிறது. குர்ஆனிலோ சட்டை பின்பக்கம் கிழிந்திருக்கிறது, அப்படியானால் ஓடியவர் அவர், துரத்தியவள் அவள் என்று அது அவரைக் காப்பாற்றுகிறது. (அப்படியும் சிறைக்குத்தான் போகிறார், அது வேறு விஷயம்.) கடைசியில் தந்தையின் முகத்தில் அவருடைய சட்டையைப் போட்டதும் போன பார்வை திரும்புகிறது. ஆதியாகமத்தில் இந்தக் காட்சியே இல்லை.

ஒரு மாணவி எழுதியிருந்தாள்: பைபிளில் உடை இரண்டு தடவையும் பொய்க்குத் துணை போகிறது, குர்ஆனில் முதல் தடவையே பொய் எடுபடவில்லை, அதற்கப்புறம் சட்டை உண்மையின் பக்கம் வந்துவிடுகிறது. நான் ஓரத்தில், ஆதியாகமத்தில் யாக்கோபு மட்டும் ஏன் இவ்வளவு சுலபமாக ஏமாறுகிறார் என்று எழுதித் திருப்பிக் கொடுத்தேன். அவள் பின்னோக்கிப் படித்து 27ஆம் அதிகாரத்தைப் பிடித்துவிட்டாள். அண்ணனின் உடையைப் போட்டுக்கொண்டு, கையில் ஆட்டுத்தோலைச் சுற்றிக்கொண்டு, கண் தெரியாத தன் தந்தையை ஏமாற்றியவர்தானே இந்த யாக்கோபு! அதே ஆடும் உடையும் அவர் மேலேயே திரும்புகின்றன. குர்ஆனில் அவர் ஓர் இறைத்தூதர், அங்கே கதை அவருடைய நம்பிக்கையைப் பற்றியது. இரண்டு நூல்களும் தந்தையை வைத்து எதைச் சொல்ல வருகின்றன என்பது அவளுடைய இரண்டாவது வரைவில்தான் வந்தது. எந்தச் சுருக்கமும் இதைக் கொடுத்திருக்காது. இணையத்தில் பார்த்து எழுதிவிடுவார்களே என்று கேட்பவர்களுக்கு: வகுப்பிலேயே, நூலைத் திறந்து வைத்து எழுதச் சொல்லுங்கள், தீர்ந்தது.

எழுதுவதில் நான் விட்டுக்கொடுக்காத ஒன்று உண்டு. ஒப்பிடுவதற்கு முன், அந்த நூலை நம்புகிறவர் படித்துவிட்டு 'ஆமாம், இதைத்தான் சொல்கிறது' என்று ஒப்புக்கொள்கிற மாதிரி ஒரு பத்தி எழுத வேண்டும். மணிமேகலையின் 27ஆம் காதையில், வஞ்சி நகரில் மணிமேகலை மாற்றுருவில் போய் சைவ வாதி, வைணவ வாதி, ஆசீவக வாதி (எல்லாம் ஊழ் என்பவர்), நிகண்ட வாதி (சமணர்), பூத வாதி (பொருளே எல்லாம் என்பவர்) என்று ஒவ்வொருவரிடமும் அவரவர் கொள்கையை அவரவர் வாயாலேயே கேட்கிறாளே, அதுதான் முறை. காப்பியம் முடிவில் பௌத்தத்தின் பக்கம்தான் நிற்கிறது, அந்த முடிவு வகுப்புக்கு வேண்டாம், அவள் கேட்ட விதம் போதும்.

இன்னொன்று, மாணவர் தன் வீட்டு மதத்தின் நூலையும் அதே கேள்விகளோடு மேஜையில் வைக்க வேண்டும். ஜெர்மனியில் பிறந்த சமஸ்கிருத அறிஞர் மாக்ஸ் முல்லரைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 1879 முதல் 1910 வரை கீழை நாட்டுப் புனித நூல்கள் 50 தொகுதிகளாக ஆங்கிலத்தில் வந்தன. மாபெரும் உழைப்பு, சந்தேகமில்லை. ஆனால் அந்த வரிசையில் பைபிள் கிடையாது! மற்றவர்களின் நூல் ஆராய்ச்சிக்கு, நம்முடையது பூஜைக்கு என்கிற மனநிலை எல்லா மதத்துப் பிள்ளைகளிடமும் இருக்கிறது. ரிக்வேதத்தின் 10ஆம் மண்டலத்தில் 129ஆம் பாடல், படைப்பு எங்கிருந்து வந்தது என்று கேட்டுக்கொண்டே போய், மேலிருந்து பார்ப்பவனுக்குத் தெரியும், ஒருவேளை அவனுக்கும் தெரியாதோ என்று முடிகிறது. வேதத்தை மதிக்கும் வீட்டுப் பிள்ளைகளே 'இது நிஜமாகவே வேதத்தில் இருக்கிறதா?' என்று கேட்பார்கள்.

பெற்றோர் பயப்படுவார்கள், தெரியும். நம்பிக்கைக்கும் மதிப்பெண் இல்லை, நம்பாததற்கும் இல்லை. வசனத்தைச் சரியாகப் படித்தார்களா என்பதற்கு மட்டும்தான். நூலே இல்லாத, பாட்டிலும் சடங்கிலும் வாழும் சமயங்கள் இந்த முறைக்குள் அடங்காது என்பதும் உண்மை, அவற்றுக்குப் பேச்சும் பாட்டும் கேட்டு எழுதுகிற வேறு பாடம் வேண்டும்.

இதற்கெல்லாம் நேரம் வேண்டுமே என்றால், பட்டியலைக் குறைக்க வேண்டியதுதான். ஒரு வருடத்துக்கு மூன்று மரபு, ஆறேழு பகுதி போதும், ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரைவு. பாடத்திட்டக் குழு ஒத்துக்கொள்ளுமா என்பதுதான் சந்தேகம். ஒரு மதம் விடுபட்டாலும் யாராவது சண்டைக்கு வந்துவிடுவார்கள் என்று பயந்து பயந்தே எல்லாவற்றையும் ஒரு பக்கமாக நறுக்கி வைத்திருக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஓர் ஆசிரியர்