கனவுக்குப் பலன் சொல்றதுதான் ஆழ்மன உளவியலா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

போன இதழ்ல வந்த ஆழ்மன உளவியல் (நமக்கே தெரியாம உள்ள ஓடுற மனச பத்தின படிப்பு) கட்டுரைய படிச்சேன். தலைப்ப பாத்து ஆசையா புரட்டினா, பாதிக்கு மேல பாம்பு கனவுல வந்தா இது, பல்லு விழுந்தா அதுன்னு ஒரே பட்டியல், மிச்ச இடத்துல, நோயாளிய பேச வெச்சு உள்மனச ஆராயற உளப்பகுப்பாய்வ ஆரம்பிச்ச டாக்டர் ஃப்ராய்ட் படமும் ஒரு சோஃபாவும். இதுக்கு ராசிபலன் பக்கமே போதுமே சார். ஃப்ராய்டே 1900-னு வருஷம் போட்டு வந்த கனவு புத்தகத்துல, கனவு கண்டவருக்கு அத நினைச்சா வேற என்னென்ன ஞாபகம் வருதுன்னு அவர தான் கேக்கணும்னு சொல்றார், லிஸ்ட வெச்சு பலன் சொல்ற பழைய முறைய ஏத்துக்கல (அப்புறம் வந்த பதிப்புகள்ல அவரே நிறைய குறியீடு சேத்தார், அது வேற கதை).

கட்டுரையில சுவிஸ் மனநல டாக்டர் யுங் பேரு வந்த அளவுக்கு அவர் செஞ்ச வேலை வரல. 1900களோட தொடக்கத்துல சூரிக்ல பர்க்ஹோல்ஸ்லி மருத்துவமனையில அவர் ஒரு டெஸ்ட் பண்ணார், நூறு வார்த்தை, ஒவ்வொண்ணா சொல்லுவார், எதிர்ல இருக்கவர் மனசுல முதல்ல வர்ற வார்த்தைய சொல்லணும், கையில ஸ்டாப்வாட்ச். மேசை, தண்ணி மாதிரி வார்த்தைக்கு சட்டுனு பதில் வரும், திடீர்னு ஏதோ ஒரு வார்த்தையில ஆள் திணறுவார், சிரிப்பார், அதே வார்த்தைய திருப்பி சொல்லுவார், ரெண்டாவது ரவுண்டுல முதல்ல என்ன சொன்னோம்னே மறந்திருப்பார். ஏன்னு அவருக்கே தெரியாது. காம்ப்ளெக்ஸ்னு நாம இன்னிக்கு சாதாரணமா சொல்றோமே, உள்ள புதைஞ்சு கிடந்து நம்மள ஆட்டி வைக்கிற மனச்சிக்கல், யுங் அத கண்டுக்கிட்டது அந்த திணறல்ல தான்.

தனி ஆளுக்கு மட்டும் இல்ல, கூட்டத்துக்கும் இப்படி வார்த்தைங்க உண்டுன்னு நான் நினைக்கிறேன், டிவி விவாதத்துல ஒரே ஒரு சொல் விழுந்ததும் அதுவரைக்கும் நிதானமா பேசினவர் குரல் மாறுறத பாத்தா தெரியும். 1930ல ஃப்ராய்ட் எழுதினதையும் இங்க சொல்லணும், தூரத்துல இருக்கவன விட பக்கத்துல, கிட்டத்தட்ட நம்மள மாதிரியே இருக்கவன் கூட தான் சண்டை அதிகம்னு, ஸ்பெயின்காரங்க போர்ச்சுகல்காரங்க, இங்கிலீஷ்காரங்க ஸ்காட்லாந்துகாரங்கன்னு உதாரணம் குடுத்து. கட்டுரையில சமூகம்னு ஒரு உபதலைப்பு இருந்துச்சு, உள்ள இதுல ஒண்ணும் இல்ல.

இதெல்லாம் பழசு, சயின்ஸ் இல்லன்னு சொல்றவங்க இருக்காங்க. எது சயின்ஸ்னு ஆராய்ஞ்ச தத்துவ அறிஞர் கார்ல் பாப்பர் கேட்டது நியாயமான கேள்வி தான், எது நடந்தாலும் அதுக்கு ஒரு விளக்கம் இருக்குன்னா அந்த தியரி தப்புன்னு எப்படி தான் நிரூபிக்கிறது? ஆனா விளம்பரக்காரங்க அதுக்கெல்லாம் காத்திருக்கல. ஃப்ராய்டோட தங்கச்சி பையன் எட்வர்ட் பெர்னேஸ் 1929ல ஒரு சிகரெட் கம்பெனிக்காக ஏ. ஏ. பிரில்ங்கிற உளப்பகுப்பாய்வாளர்கிட்ட யோசனை கேட்டு, நியூயார்க் ஈஸ்டர் ஊர்வலத்துல பொண்ணுங்கள சிகரெட் பத்த வெக்க வெச்சார், பேரு 'சுதந்திரத்தின் தீப்பந்தம்'. புகை விக்கிறதுக்கு விடுதலைங்கிற ஆசைய கட்டி இழுத்துட்டாங்க பாருங்க. நம்ம உள்மனச வெச்சு வியாபாரம் பண்றவங்க படிக்கிறத நாம படிக்காம கனவுப் பலன் பாத்துட்டு இருந்தா யாருக்கு நஷ்டம்?

அடுத்த இதழ்ல இத பத்தி தொடர்ச்சி போடுறதா சொல்லியிருக்கீங்க. தயவுசெஞ்சு பட்டியல் வேணாம், அந்த நூறு வார்த்தை டெஸ்ட முழுசா போடுங்க, பெர்னேஸ் கதைக்கு ரெண்டு பக்கம் குடுங்க.

இப்படிக்கு,
உங்க பழைய வாசகர்