சுவர்களோடு குடிகளையும் காக்க வேண்டும்: பினாங்கு மாநில அரசுக்கு ஒரு திறந்த மடல்

மாண்புமிகு பினாங்கு முதலமைச்சர் அவர்களுக்கும், சுற்றுலாத் துறைக்குப் பொறுப்பான ஆட்சிக்குழு உறுப்பினருக்கும், ஜார்ஜ்டவுன் உலகப் பாரம்பரிய நிறுவனத்தாருக்கும் வணக்கம்.

2008 ஜூலை 7ஆம் நாள் யுனெஸ்கோ மலாக்காவையும் ஜார்ஜ்டவுனையும் ஒருசேர உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏற்றியது. 109.38 ஹெக்டர் பரப்புள்ள மையப் பகுதிக்குள் நம் லிட்டல் இந்தியாவும் அடங்குகிறது. இந்தத் தகுதிக்குச் சொல்லப்பட்ட காரணங்களுள் ஒன்று, பல இனத்தாரின் சமயமும் பண்பாடும் இங்கே இன்றளவும் வாழ்ந்துவருகின்றன என்பது. பழைய கட்டடங்கள் மட்டுமே இருந்திருந்தால் அந்தக் காரணம் பொருந்தியிருக்காது. சுற்றுலாவை வளர்க்க எடுக்கப்படும் முடிவுகளில் இது பின்னுக்குப் போய்விட்டது என்பதே என் முறையீடு.

இந்தச் சிக்கல் பட்டியலுக்கு முன்பே தொடங்கியது. 1948க்கு முன் கட்டப்பட்ட வீடுகளுக்கும் கடைகளுக்கும் பாதுகாப்பளித்துவந்த 1966ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1997இல் ரத்துசெய்யப்பட்டு, 1999 முடிவோடு அதன் காப்பும் முற்றாக நீங்கியது. தலைமுறைகளாகக் குறைந்த வாடகையில் இருந்தவர்கள் புறநகர்களுக்குப் போனார்கள். அந்தச் சட்டத்தால் உரிமையாளர்கள் பழுதுபார்க்கப் பணமின்றித் தவித்ததும் உண்மைதான். அதைத் திரும்பக் கொண்டுவாருங்கள் என்று நான் கேட்கவில்லை. ஆனால் அது போன இடத்தில் வேறெந்த ஏற்பாடும் வலுவாக நிற்காததால், பட்டியலில் ஏறிய பிறகு கூடிய நிலமதிப்பு எஞ்சியிருந்தவர்களின் வாசலையும் தட்டியது.

இழப்பின் கணக்கைப் பார்க்க வெகுதூரம் போக வேண்டாம். 1801இல் தோன்றிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலை ஒட்டிய சாலையில் சொங்கோ எனும் மலாய்த் தொப்பி தைக்கும் கைவினைஞர்கள் தொழில் செய்துவந்திருக்கிறார்கள். அட்டையையும் பழைய செய்தித்தாளையும் உள்ளே கொடுத்து, மேலே வெல்வெட்டை இழுத்து, தலையின் அளவுக்கு ஏற்பத் தையல் இயந்திரத்தில் வளைத்துத் தைக்கும் வேலை அது. அங்கிருந்து சில நிமிட நடையில், 2012இல் தீட்டப்பட்ட சைக்கிள் பிள்ளைகள் சுவரோவியத்தின் முன் படமெடுக்க வெயிலில் வரிசை நிற்கிறது. ஓவியத்தின் மீது எனக்குக் கோபம் இல்லை; வரிசையில் நிற்பவருக்குச் சொங்கோ கடை இருப்பதை யாரும் சொல்வதில்லை என்பதுதான் வருத்தம். சுவரோவியத்துக்கு வாடகை கிடையாது. தையல்காரருக்கு உண்டு.

தைப்பூசத்தையும் எண்ணிப் பாருங்கள். பினாங்கு ஸ்திரீட்டில் உள்ள கோவில் வீட்டிலிருந்து செட்டியார்களின் வெள்ளி ரதமும், 1833இல் கட்டப்பட்ட குயின் ஸ்திரீட் மகாமாரியம்மன் ஆலயத்திலிருந்து தங்க ரதமும் தண்ணீர்மலைக்குப் புறப்படுகின்றன. வழியெங்கும் தேங்காய் உடைபடுகிறது. அர்ச்சனைத் தட்டோடு வீட்டாரும் கடைக்காரரும் காத்து நிற்கிறார்கள். இதைக் காணவே வெளிநாட்டினர் வருகிறார்கள், மாநிலமும் அவர்களை அழைக்கிறது. அந்தத் தெருக்களில் தங்கும் விடுதிகள் மட்டுமே மிஞ்சினால், இரதம் நிற்கும் இடத்தில் தட்டு நீட்டுவது யார்? விடுதியின் வரவேற்பாளரா?

கட்டடங்களைக் காக்கும் முறையிலும் கவனம் போதவில்லை. நம் கடைவீடுகளின் பழைய செங்கல் மென்மையானது. தரையிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். சுண்ணாம்புப் பூச்சு அந்த ஈரத்தை மெல்ல வெளியே விடும். அதைச் சுரண்டிவிட்டு சிமெண்டு பூசி, மேலே பிளாஸ்டிக் வண்ணம் அடித்தால், வெளியேற வழியில்லாத ஈரம் சுவரில் மேலே ஏறும். உப்பு வெள்ளையாய்ப் பூக்கும். சில மழைக்காலங்களுக்குள் பூச்சு தகடு தகடாக விழும். கடைகளின் முன்னுள்ள கூரையிட்ட நடைபாதையான அஞ்சடியில் நடக்கும் எவரும் முழங்கால் உயரத்தில் இதைப் பார்க்கலாம். காற்றும் வெளிச்சமும் வர வைத்த நடுமுற்றத்தைக் கண்ணாடி போட்டு மூடிக் குளிர்சாதனம் பொருத்துவதும் இதே வகையைச் சேர்ந்தது. முகப்பு மட்டும் புதிதாகத் தெரிந்தால் போதும் என்று அனுமதி வழங்கும் அலுவலர்கள் நினைக்கக் கூடாது.

நம்மவர்களும் இதில் விலக்கல்ல. கும்பாபிஷேகம் என்றாலே பழைய சுதை வேலையின் மீது பளிச்சென்ற எனாமல் வண்ணம், பழைய தரையின் மீது வழுவழுப்பான ஓடு என்று ஆகிவிட்டது. 2018இல் பத்துமலைப் படிகளுக்கு வண்ணம் பூசியபோது அனுமதி பெறவில்லை என்று தேசியப் பாரம்பரியத் துறை கேள்வி எழுப்பியது நினைவிருக்கலாம். வண்ணப் படிகள் கூட்டத்தை ஈர்த்தன என்பதும் உண்மை. அதனாலேயே அந்தக் கேள்வி மறக்கப்பட்டுவிடலாகாது. ஆலய நிர்வாகங்களுக்குச் சுண்ணாம்பு வேலை தெரிந்த கைவினைஞர்களை அறிமுகப்படுத்தி, திருப்பணி தொடங்கும் முன்பே ஆலோசனை தருவது, முடிந்த பிறகு கடிதம் அனுப்புவதைவிடப் பயன் தரும்.

பினாங்குக் கொடிமலையைப் பற்றியும் ஒரு சொல். 2021இல் யுனெஸ்கோவின் உயிர்க்கோளக் காப்பகமான அந்த மலைக்கு, 1923 முதல் இயங்கிய பழைய மலை இரயிலில் நடுவழியில் மாறி ஏற வேண்டியிருந்தது. 2011இல் வந்த இரயில் நேராக உச்சிக்குப் போகிறது. கூட்டமும் அப்படியே உச்சியில் குவிகிறது. இனி வரும் திட்டங்களில், மேலே எத்தனை பேரை ஏற்றலாம் என்பதற்கு முன்பாக மலை எத்தனை பேரைத் தாங்கும் என்ற கணக்கை வெளியிடுங்கள்.

நான் கேட்பது பெரிய செலவல்ல. 2014 முதல் ஹோட்டல் விருந்தினரிடம் வசூலிக்கப்படும் உள்ளாட்சிக் கட்டணத்தில் ஒரு நிலையான பங்கை மையப் பகுதியின் சுண்ணாம்புப் பழுதுபார்ப்புக்கும், பரம்பரைத் தொழில் செய்வோரின் வாடகை உதவிக்கும் ஒதுக்குங்கள். பூக்கட்டுபவர், பொற்கொல்லர், சொங்கோ தைப்பவர் போன்றோருக்கு நீண்டகால ஒப்பந்தத்தில் கடை தரும் உரிமையாளருக்கு மாநகர் மன்ற மதிப்பீட்டு வரியில் சலுகை கொடுங்கள். ஒப்பந்தம் முறிந்தால் சலுகையைத் திரும்பப் பெறுங்கள். சுற்றுலா வழிகாட்டிகளுக்கான பயிற்சியில் இங்குள்ள நாகூர் தர்காவும், செட்டியார்கள் வட்டித்தொழில் நடத்திய கிட்டங்கிகளும் அவற்றின் வரலாற்றோடு இடம்பெறட்டும். அந்தக் கட்டணம் ஆண்டுதோறும் எவ்வளவு வந்தது, எந்தத் தெருவில் எதற்குச் செலவானது என்ற கணக்கை, அடுத்த வரவுசெலவு அறிக்கையுடன் தமிழிலும் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஜார்ஜ்டவுன்வாசி ஒருவர்