நைட்ரஸ் ஆக்சைடையும் உங்கள் பட்டியலில் சேருங்கள்

மாண்ட்ரியல் உடன்படிக்கையின் உறுப்பு நாடுகளுக்கு,

வணக்கம். ஓசோன் படலத்தைக் காக்க 1987-இல் நீங்கள் போட்ட கையெழுத்து பலித்திருக்கிறது. குளிர்சாதனங்களில் பயன்பட்டு ஓசோனைக் கெடுத்த குளோரோபுளோரோகார்பன்களின் உற்பத்தி அநேகமாக நின்றுவிட்டது, ஓசோன் படலம் மெல்லத் தேறி வருகிறது. அந்த நன்றியோடுதான் இதைக் கேட்கிறேன்: நைட்ரஸ் ஆக்சைடை ஏன் இன்னும் விட்டுவைத்திருக்கிறீர்கள்?

நூறாண்டுக் கணக்கில் பார்த்தால், இந்த வாயு ஒரு டன் இருந்தாலே 273 டன் கரியமில வாயு அளவுக்குப் பூமியைச் சூடாக்கும். காற்றில் நூறு வருடத்துக்கும் மேல் தங்கும். தரையருகே எதனோடும் சேராமல் மெல்ல மேலே போய், ஓசோன் இருக்கும் அடுக்கு மண்டலத்தில் ஒரு பகுதி நைட்ரிக் ஆக்சைடாக மாறி ஓசோனை அழிக்கும். நைட்ரஜன் ஆக்சைடுகள் ஓசோனை அழிக்கும் விதத்தை 1970-லேயே வேதியியலாளர் பால் க்ருட்சன் விளக்கிவிட்டார். இன்று மனிதர் வெளியிடுபவற்றில் ஓசோனுக்கு அதிகக் கேடு செய்வது நைட்ரஸ் ஆக்சைடுதான் என்று 2009-இல் விஞ்ஞானி ரவிசங்கராவும் அவருடைய சகாக்களும் காட்டினார்கள்.

உங்கள் உடன்படிக்கைக்கு அடித்தளமான 1985 வியன்னா ஒப்பந்தத்தின் முதல் இணைப்பிலேயே இதன் பெயர் இருக்கிறது. 2016-இல் ருவாண்டாவின் கிகாலியில் நடந்த உங்கள் கூட்டத்தில், ஓசோனைக் கெடுக்காத ஹைட்ரோபுளோரோகார்பன்களைக்கூடப் புவி சூடாகிறது என்பதற்காகச் சேர்த்துக்கொண்டீர்கள். இரண்டு கேட்டையும் செய்கிற வாயு மட்டும் வெளியே நிற்பதை என்னால் ஏற்க முடியவில்லை. பருவநிலைக்கான கியோட்டோ உடன்படிக்கையிலேயே சேர்த்தாயிற்றே என்பீர்கள். அங்கே மற்ற வாயுக்களோடு சேர்த்து ஒரே மொத்தமாகக் கணக்கிட்டார்கள். இதற்கென்று தனிக் கெடு எதுவும் வைக்கவில்லை.

சரி, உணவு உற்பத்தியை நினைத்துத் தயங்கினால் அது நியாயமான தயக்கம். மனிதரால் வெளியாகும் பங்கில் ஏறத்தாழ முக்கால்வாசி விவசாயத்திலிருந்து வருகிறது. பயிர் எடுக்காமல் விட்ட தழைச்சத்தை, அதாவது நைட்ரஜனை, மண்ணின் நுண்ணுயிர்கள் மாற்றுகின்றன. நீர் தேங்கி, காற்றோட்டம் குறைந்த மண்ணில் நைட்ரேட் படிப்படியாக நைட்ரஜனாகும்போது கடைசிப் படி தடைபட்டால், அங்கேயே நைட்ரஸ் ஆக்சைடாகத் தப்பிவிடும். இடும் தழைச்சத்தில் தோராயமாக நூற்றில் ஒரு பங்குதான் இப்படிப் போகிறது. ஆனால் உலகம் ஆண்டுக்குப் பத்துக் கோடி டன்னுக்கு மேல் ரசாயன உரத் தழைச்சத்து இடுகிறது. கால்நடை எரு இதில் சேராது. தொழிற்புரட்சிக்கு முன் காற்றில் நூறு கோடிக்கு 270 பங்காக இருந்தது, 2022-இல் சுமார் 336 பங்கானதற்கு முக்கியக் காரணம் விவசாயத்தில் இடும் தழைச்சத்துதான். வயலை ஒரே சட்டத்தால் அடக்க முடியாது. உரத்தைப் பிரித்துப் பிரித்து, பயிருக்குத் தேவையான நேரத்தில் இடுவதற்கு விவசாயிக்குத் துணை வேண்டும், தண்டனை வேண்டாம்.

ஆலைகளின் கதை வேறு. நைலான் தயாரிக்கத் தேவைப்படும் அடிப்பிக் அமிலம் ஒரு டன் உண்டாகும்போது, கட்டுப்பாடு இல்லாவிட்டால், சுமார் 300 கிலோ நைட்ரஸ் ஆக்சைடு வெளியாகும். அது 80 டன்னுக்கு மேல் கரியமில வாயுவுக்குச் சமம்! வினையூக்கியாலோ வெப்பத்தாலோ இதில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் அழித்துவிடலாம். 1990-களிலேயே பல ஆலைகள் செய்து காட்டிய வேலை இது. இதே வாயுவை வெளியிடும் நைட்ரிக் அமில ஆலைகளுக்கும் வினையூக்கிகள் உண்டு. ஆலைகள் சில நூறுதான், புகைபோக்கி எங்கே இருக்கிறது என்பதும் தெரியும். உங்களுக்குக் கைவந்த வேலையும் இதுதானே.

அடுத்த கூட்டத்தில் ஒரு திருத்தத்தை முன்வையுங்கள். முதலில் இந்த இரு வகை ஆலைகளுக்கும் கெடு வையுங்கள், கருவி வாங்கப் பணமில்லாத நாடுகளுக்கு உங்கள் பலதரப்பு நிதியிலிருந்து கொடுங்கள். வயல்களைப் பற்றி அப்புறம் விவசாயிகளையும் உட்காரவைத்துப் பேசலாம்.

நம்பிக்கையோடு,
உங்கள் உடன்படிக்கையால் பயனடைந்த ஒருவர்